நீலக் காலத்துக்கு ஒரு கை

இதைக் கம்ப்யூட்டரில் அடிக்கப்போகிறவர் யாரோ, அவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்து வரியில் நிற்காது. ஒரு பக்கம் மேலே ஏறும், மறுபக்கம் சரியும். எந்த இடத்தில் எந்த லகரம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தை மட்டும் மாற்றாதீர்கள். ஹட்டனில் எங்கள் வாசகர் வட்டத்து மலருக்காகப் பல தடவை கேட்டும் நான் தட்டிக்கழித்து வந்த பயணக் கட்டுரை இதுதான்.

கொழும்பில் ஏறிய விமானம் திருவனந்தபுரத்தில் இறங்க ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வந்த பஸ்ஸே அதைவிட எத்தனையோ மடங்கு எடுத்தது. கொடுத்த பணிஸ் ரொட்டியைத் தின்று முடிப்பதற்குள் பெல்ட்டைப் போடச் சொல்லிவிட்டார்கள். பணிஸ் முந்தின நாள் சுட்டது. என்னைப் போலப் பேக்கரி அடுப்படியில் வேலை செய்கிறவனிடம் அதை மறைக்க முடியாது.

என் பையில் தேயிலை, மாசிக்கருவாடு, பிறகு நூல் போட்டுக் கட்டிய பழைய புத்தகக் கட்டு ஒன்று. சோதனை அதிகாரி மாசியை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். புத்தகக் கட்டைப் பிரித்ததும் முகம் மாறிவிட்டது. மேலே இருந்த அட்டையில் மூன்று ராக்கெட்டுகள் நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்புகின்றன. கீழே ஆட்கள் ஓடுகிறார்கள். அவர் அட்டையைப் பார்த்தார், என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கள் நாட்டில் அப்போது சண்டை நின்றிருந்தது. ஆனாலும் இலங்கைப் பாஸ்போர்ட், தமிழ்ப் பேர், ராக்கெட் மூன்றையும் சேர்த்துப் பார்க்க எந்த அதிகாரிக்கும் தோன்றும்.

"இது என்ன?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"கதைப் புத்தகம் சார். நட்சத்திரத்துக்குப் போற கதை."

"யாருக்கு?"

"தம்பிக்கு."

"தம்பிக்கு என்ன வயது?"

நாற்பதைத் தாண்டிவிட்டது என்றேன். அவர் இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் நின்றபடி பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வந்த அதிகாரிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனவர், ஒரு இடத்தில் விரலை வைத்து, "இந்த டின் மனுஷன் கடைசியில் செத்துப்போவானா?" என்று கேட்டார்.

"இல்லை சார். தப்பிச்சிருவான்."

"நல்லது" என்று சொல்லிப் பையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டார்.

வெளியே தம்பியைத் தேடினேன். அவன் போகும்போது பையன். முப்பது வருடத்துக்குப் பிறகு அவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, என் முகமும் அவனுக்குத் தெரியாது. கூட்டத்தில் வழுக்கை விழுந்த ஒருவர் ஒரு புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அட்டையில் மாலுமி அதியன். நான் என் கட்டிலிருந்து ஒன்றை உருவித் தூக்கிக் காட்டினேன். அப்படித்தான் செல்வராசும் நானும் ஒருவரையொருவர் கண்டுபிடித்தோம்.

கட்டிப்பிடித்தான், அழுதான். ஆட்டோவில் ஏறியதும் அவன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன்.

"என்னாடா இது, அதியன் மூக்கு வேற மாதிரி இருக்கு?"

"அண்ணே, வந்து இறங்குன உடனே ஆரம்பிக்காதே" என்றான் தம்பி.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 'நட்சத்திரத் தோணி' தமிழ்நாட்டில் அச்சாகி வந்த மாதாந்தரப் படக்கதை. மாலுமி அதியனும் தகரம் என்கிற இயந்திர மனிதனும் கிரகம் கிரகமாகப் போவார்கள். எப்பேர்ப்பட்ட ஆபத்திலும் தகரத்துக்கு ஒரு நக்கல் பதில் இருக்கும். பள்ளிக்கூடத்தைவிட அந்தப் புத்தகங்களில்தான் நான் எழுத்துக் கூட்டக் கற்றேன். தம்பிக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியப் புத்தகங்கள் இலங்கைக்கு வருவது நின்றுபோயிற்று. அதே சமயத்தில்தான் தேயிலைத் தோட்டத்து ஆட்களை இரண்டு அரசாங்கங்களும் பிரித்துக்கொண்டன. அப்பா, அம்மா, தம்பி மூவருக்கும் இந்தியா என்று குடியுரிமைத் தாள் வந்தது. நான் அப்போது வயது வந்தவன், தனியாக விண்ணப்பித்திருந்தேன். எனக்கு இலங்கை என்று வந்தது. அவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். அதோடு எனக்கு அதியனும் நின்றான்.

தம்பிக்கு நிற்கவில்லை. இந்தப் பக்கம் புத்தகம் தொடர்ந்து வந்தது. ஓவியர் மாறினார். கறுப்பு மை விலை ஏறியதால் நீல மையில் அச்சடித்தார்கள். பிற்பாடு கலரும் வந்தது. ஆகவே ரசிகர்கள் மூன்று காலம் என்று பிரித்துச் சொல்கிறார்கள்: கறுப்பு வெள்ளைக் காலம், நீலக் காலம், கலர் காலம். எனக்குத் தெரிந்தது முதலாவது மட்டும்.

தம்பி வீடு கரமனையில். அக்ரஹாரத் தெருக்களைத் தாண்டி, ஆற்றுக்குப் போகிற வழியில், கீழே அவனுடைய போட்டோஸ்டாட் கடை, மேலே குடித்தனம். அவன் மனைவி லீலா, பொன்முடிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். "அத்தான், ஊணு கழிக்கலாம், கை களுவுங்க" என்றாள். பெரிய பெரிய சிவப்புச் சோறு. எங்கள் ஊர்ச் சிவப்பரிசியைவிட இரண்டு மடங்கு பருமன். மரவள்ளிக்கிழங்கை அங்கே மரச்சீனி என்கிறார்கள். மீன்குழம்பு நம் ருசியேதான், புளிக்குப் பதிலாக வேறு ஏதோ. குடிக்க வைத்த தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. பாத்திரம் துரு என்று நினைத்துக் குடிக்காமல் இருந்தேன்.

"அது பதிமுகப் பட்டை இட்டுக் காய்ச்சின வெள்ளமாக்கும் அத்தான். வெஷமில்லை" என்று லீலா சிரித்தாள்.

சாப்பிட்ட பிறகு தம்பி என்னை வரவழைத்த காரணத்தைச் சொன்னான். கடிதத்தில் "இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டாயம் வா" என்று மட்டும் எழுதியிருந்தான். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்துதான் நான் கிளம்பியிருந்தேன்.

நட்சத்திரத் தோணியின் பதிப்பாளர் கடையை மூடப்போகிறார். மூடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடித்த தொகுப்புப் போட அவரிடம் வசதி இருக்கிறது. மூன்று காலத்தில் ஒரு காலம்தான் அதில் வரும். எது என்பதைத் திருவனந்தபுரத்து ரசிகர் வட்டமே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார், ஏனென்றால் இன்னும் கூடிப் பேசுகிற ஒரே வட்டம் இவர்களுடையதுதான். கலருக்கு ஆளில்லை. கறுப்பு வெள்ளைக்கும் நீலத்துக்கும் சரிசமமாக ஓட்டு விழுந்து நிற்கிறது. மிச்சம் இருக்கிற ஒரே ஓட்டு என்னுடையது. தம்பி பல வருடத்துக்கு முன்பே தபால் உறுப்பினராக என் பேரைச் சேர்த்து, சந்தாவும் கட்டி வந்திருக்கிறான்.

"நீலத்துக்குக் கை தூக்கணும் அண்ணே. அது மதி, போதும்."

"நான் நீலம் ஒண்ணுகூட வாசிச்சதில்லையேடா."

"வாசிக்கத்தான் போறே" என்றான். அதைச் சொன்னபோது அவன் முகம் நன்றாக இல்லை.

அந்த வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காலத்துக்குக் கை தூக்கப் போகிறோமோ, அந்தக் காலத்தின் ஆக மோசமான கதையை எதிர்க்கட்சிக்காரர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். அதை எல்லார் முன்னாலும் நின்று, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்து முடித்த பிறகும் கை தூக்க மனம் வந்தால்தான் அது ஓட்டு. நல்ல கதையைக் காட்டி யாரும் ஜெயித்துவிடக் கூடாதாம்.

நான் நான்கு பேர் கூடிய இடத்தில் பேசாதவன். பேக்கரியில் முன்பக்கம் நின்று பாண் விற்கச் சொன்னால்கூட அடுப்படிக்கே ஓடிவிடுகிறவன். சத்தமாக வாசித்தது, தம்பிக்கு வாசித்துக் காட்டியதோடு சரி.

மறுநாள், பொன்முடித் தோட்டத்தில் வேலை பார்த்துக் காலமான அப்பா அம்மாவை அடக்கம் செய்த இடத்தைப் பார்க்கப் போனோம். பொன்முடிப் பாதையில் பஸ் ஏறுகிறது. வளைவுக்கு வளைவு எங்கள் ஊர் மாதிரியே இருந்தது. அதே தேயிலை, அதே பனி, அதே தகரக் கூரை. வரிசை வீடுகளுக்கு லயம் என்கிற சொல்கூட அதேதான். ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. முன்பக்கத்திலிருந்து ஆவி. கண்டக்டர் கையில் வாளியோடு இறங்கி ஓடைப் பக்கம் போனார். ஒரு ஆள் ஜன்னல் வழியாகக் கத்தினான்: "அண்ணாச்சி, மீன் பிடிச்சிட்டு வந்துராதீங்க, வெள்ளம் மாத்திரம் மதி!"

நாங்கள் இறங்கி நடந்தோம். நடக்கும்போதுதான் தம்பி மீதியைச் சொன்னான்.

"உனக்கு எந்தக் கதையைக் குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும். 'கடைசித் தோணி'ன்னு ஒண்ணு. வட்டத்துல அதுக்குப் பேரு கழுதைத் தோணி. கூட்டம் கூடுனா அதைச் சொல்லிச் சிரிக்காம கலைய மாட்டாங்க."

"அவ்வளவு மோசமா?"

"அது நான் எழுதுனது."

நான் நின்றுவிட்டேன். நீலக் காலத்தில் வாசகர்கள் எழுதி அனுப்புகிற கதைகளையும் பதிப்பாளர் எடுத்துக்கொள்வாராம். பேர் போடுவதில்லை, ஒரு காலண்டர் அனுப்பி வைப்பார். தம்பி தேயிலைக் கொழுந்து நிறுக்கிற வேலையில் இருந்தபோது ஒரு கதை எழுதி அனுப்பினான். அச்சாகிவிட்டது. இப்போது பதிப்பாளர் போனில் சொல்லியிருக்கிறார்: நீலக் காலத் தொகுப்பு வந்தால் உன் பேரைப் போட்டுவிடுகிறேன் என்று. அதற்குப் பிறகு கடையே இல்லை.

"எடுத்துச் சொல்லேண்டா அவங்ககிட்ட. நம்ம ஆளு எழுதுனதுன்னு தெரிஞ்சா சிரிப்பாங்களா?"

"சிரிக்க மாட்டாங்க. பாவம்னு நினைச்சு ஓட்டு மாத்திப் போடுவாங்க. அப்படி வர்ற பேரு எனக்கு வேணாம்." ஒரு வளைவு தாண்டியதும் என் பக்கம் திரும்பினான். "நீயும் வாயைத் திறக்கப்படாது. சத்தியம் பண்ணு."

செய்துகொடுத்தேன். கதையில் என்ன என்று கேட்டேன். வாசித்தால் தெரியும் என்றான். அப்பா அம்மா இருந்த இடத்தில் காட்டுச்செடி மண்டியிருந்தது. இரண்டு பேரும் கையாலேயே பிடுங்கிச் சுத்தம் செய்தோம். எனக்கு மனதுக்குள் ஒரே கணக்கு. அதியனின் உச்சகாலம் கறுப்பு வெள்ளைதான் என்று மனதார நம்புகிறவன் நான். கை தூக்கினால் பொய். தூக்காவிட்டால் தம்பியின் பேர் எந்தக் காலத்திலும் அச்சில் வராது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லீலா புட்டும் கடலையும் வைத்தாள். எனக்கு இறங்கவில்லை. "அத்தான் பரீட்சைக்குப் போற பிள்ளை மாதிரி இருக்கீங்களே" என்றாள். உண்மையும் அதுதான். கூட்டம் நடக்கிற இடம் ஒரு டியூட்டோரியல் காலேஜின் மாடி. பெஞ்சு, கரும்பலகை, பலகையில் முந்தின நாள் கணக்கு அழிக்காமல் கிடந்தது. நான் பின்பெஞ்சுக்குப் போனேன். தம்பி இழுத்து வந்து முன்னால் உட்கார வைத்தான்.

தலைமை ஸ்டெல்லா டீச்சர். பாறசாலைப் பக்கத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார். கலர் காலத்தை விரும்புகிற ஒரே ஆள் அவர்தான், அதனாலேயே நடுநிலை என்று தலைமை கொடுத்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைக் கட்சிக்குத் தலைவர் நீலகண்டன் சார். அக்ரஹாரத்துக்காரர், சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, காதில் முடி, குரல் கீழே பஸ் ஸ்டாப்வரை கேட்கும்.

"ஓய் செல்வராஜ், சிலோன்லேர்ந்து ஓட்டை இறக்குமதி பண்ணிட்டீரா? கஸ்டம்ஸ்ல ட்யூட்டி கட்டினேளோ?"

எல்லாரும் சிரித்தார்கள். பின்பெஞ்சில் ஒருவர் எழுந்து, வெளிநாட்டு ஓட்டு செல்லாது என்றார். கொஞ்ச நேரம் ஒரே அமளி. என்னை வெளியே போகச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சொல்லிவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன்.

"மிண்டாம இருங்க எல்லாரும்! சந்தா வாங்கும்போ வெளிநாடுன்னு தெரியல்லியோ?" என்றார் ஸ்டெல்லா டீச்சர். "அண்ணன் வாசிக்கட்டு. அதுக்கு மின்னே ரெண்டு கட்சியும் கடைசியாட்டு ஒருக்கா பேசிக்கிடுங்க."

நீலகண்டன் சார் எழுந்தார். "இதுல பேச என்ன இருக்கு? கறுப்பு வெள்ளையிலே அதியன் துப்பாக்கியைத் தூக்கினான்னா ஒரு கிரகமே நடுங்கும். நீலத்துல என்ன பண்றான்? ரேஷன் கடை க்யூவுல நிக்கறான்! விண்கப்பல்ல ஏறினாச் சண்டை வேணும், கேட்டேளா. அழறதுக்கு நம்ம வீடு போறாதா?"

"சண்டைதான் வேணும்னா சாலை மார்க்கெட்டுக்குப் போங்க சார், தினமும் நடக்குது" என்றான் தம்பி. "ஒவ்வொரு மாசமும் பாம்பு கிரகத்துக் கொள்ளைக்காரன். ஒவ்வொரு மாசமும் அதே அடி. அதியன் யாரு, எங்க பொறந்தான், ஏன் வீடே இல்லாம சுத்துறான்னு ஒரு தடவை கேட்டீங்களா? நீலத்துலதானே அவன் மனுஷனா ஆனான்!"

"மனுஷன் ஆகறதுக்கு நட்சத்திரத்துக்கு எதுக்குய்யா போகணும்? கரமனையிலேயே ஆகலாமே!"

"ஆனவங்க ஆரு இருக்கா இங்க?" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வந்தது. நீலகண்டன் சாரே சிரித்துவிட்டார்.

"கலர்ல தகரத்துக்கு ஒரு தங்கச்சி வருவா. அதைப்பத்தி ஆராவது பேசுதீங்களா?" என்றார் ஸ்டெல்லா டீச்சர். யாரும் பேசவில்லை.

பிறகு நீலகண்டன் சார் துணிப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். கடைசித் தோணி. பெஞ்சுகளில் உற்சாகம் கிளம்பியது. "கழுதைத் தோணி! கழுதைத் தோணி!" என்று மேசையைத் தட்டினார்கள். நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கரும்பலகையில் இருந்த கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுந்து நின்றேன். எனக்கு விரலை வரியில் வைத்தால்தான் வாசிக்க வரும். யாரோ கிசுகிசுத்துச் சிரித்தார்கள். ஸ்டெல்லா டீச்சர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

முதல் பக்கத்தில் அதியன் துப்பாக்கியை இடுப்பிலிருந்து கழற்றி மேசையில் வைக்கிறான். "போச்சு, அதியன் ரிட்டயர் ஆயாச்சு!" என்றார் நீலகண்டன் சார். நான் தொடர்ந்தேன். ஒரு நிலா. அங்கே பாறை வெட்டுவதற்காக முன்னொரு காலத்தில் கொண்டுவந்து குடிவைத்த ஜனங்கள். அவர்களை இனிமேல் யார் வைத்துக்கொள்வது என்று இரண்டு கிரகத்து ராஜாக்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். பேசி முடித்து ஆளுக்கு ஒரு வில்லை கொடுக்கிறார்கள். வெள்ளை வில்லைக்காரர்கள் ஒரு கப்பலில், மஞ்சள் வில்லைக்காரர்கள் இன்னொரு கப்பலில் ஏற வேண்டும். ஒரு குடும்பத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சின்னப் பிள்ளைக்கும் மஞ்சள். மூத்த மகனுக்கு வெள்ளை.

அந்த இடம் வந்ததும் நீலகண்டன் சார் ஒரு கையை உயர்த்தினார். பெஞ்சு முழுக்க அவரோடு சேர்ந்து பாட்டு மாதிரிச் சொன்னது: "ஒரு வீட்டுக்காராளை ரெண்டு கப்பல்ல ஏத்தற மடையன் எந்த கிரகத்துல இருக்கான்?" பல வருடமாகச் சொல்லிப் பழகியது போல, எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

விரல் வரியில்தான் இருந்தது. எனக்கு எழுத்துத் தெரியவில்லை. அவர்கள் மோசமானவர்கள் இல்லை. தெரியாது, அவ்வளவுதான். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சத்தியம் செய்திருந்தேன். தம்பி இன்னும் கரும்பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

தண்ணீர் கேட்டேன். டீச்சர் தன் பாட்டிலைக் கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். அதியன் சண்டை போடவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஒவ்வொரு ஆளாக ஏறுகிறார்கள். நான் வேகமாக வாசிக்கத் தெரியாதவன், அதனால் ஒவ்வொரு ஆளும் மெதுவாகத்தான் ஏறினார்கள். அதற்குள் பெஞ்சில் சிரிப்பு குறைந்திருந்தது. அலுத்துவிட்டதோ என்னவோ.

கடைசிப் பக்கம். இரண்டு கப்பலும் பிரிந்து போய்விட்டன. மஞ்சள் கப்பலில் சின்னப் பிள்ளை தகரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது: "அண்ணன் கப்பல் எப்போ வரும்?"

அதற்கு அடுத்த படம்தான் கடைசிப் படம். தகரத்தின் முகம். வாயிலிருந்து பேச்சுப் பலூன் கிளம்பியிருக்கிறது. பலூனுக்குள் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

நான் விரலை அந்த வெள்ளையில் வைத்தேன். அப்படியே நின்றேன். கீழே பஸ் ஒன்று வந்து நின்று, மணி அடித்து, போயிற்று.

"என்ன ஓய், நின்னுட்டேள்? வாசிங்கோ" என்றார் நீலகண்டன் சார்.

"வாசிச்சிட்டேன் சார்."

"தகரம் சொன்னதை வாசிக்கலியே?"

"அது ஒண்ணும் சொல்லல சார். அதைத்தான் வாசிச்சேன்."

"அது பிரஸ்காரன் தப்பு சேட்டா" என்று பின்பெஞ்சுக்காரர் எனக்கு விளங்க வைத்தார். "எழுத்து ஒட்ட மறந்துபோச்சு. எங்க எல்லாருக்கும் தெரியும். பெரிய தமாஷாக்கும் அது."

"தப்பா இருக்காதுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "தப்பா இருக்காது. அந்தப் பிள்ளைக்கு என்னான்னு பதில் சொல்றது?"

நீலகண்டன் சார் கையை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கடைசிப் பக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு முன்பக்கத்துக்குப் போனார், ஏணிக்கு வந்தார், மறுபடி கடைசிக்கு. அவர் ஏதாவது சொல்வார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"செல்வராஜ் எந்த வருஷம் இந்தப் பக்கம் வந்தான்?" என்று என்னிடம் கேட்டார்.

சத்தியத்தை நினைத்து, நான் டீச்சரின் பாட்டிலைத் திருகி மூடினேன். தம்பி மறுபடி கரும்பலகைப் பக்கம் திரும்பினான்.

"சாரே, வாசிப்பு முடிஞ்சாச்சு. கேள்வியெல்லாம் பெறவு வச்சுக்கிடலாம்" என்றார் ஸ்டெல்லா டீச்சர். "அண்ணன், நீங்க சொல்லுங்க. நீலத்துக்குக் கை தூக்குதீங்களா?"

தூக்கினேன். டீச்சர் பார்த்துத் தலையசைக்கும்வரை இறக்கவில்லை.

நீலம் ஒரு ஓட்டில் ஜெயித்தது. தம்பியின் கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். ஏத்தக்காப்பமும் சாயாவும் வந்தன. மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம், நான்கு தின்றேன். காலையில் இறங்காத பசி எல்லாம் அப்போதுதான் வந்தது.

நீலகண்டன் சார் புறப்படும்போது வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "என் ஓட்டு கறுப்பு வெள்ளைக்குத்தான். அதுல மாத்தமில்லை." பிறகு தம்பியின் பக்கத்தில் வந்தார். குரலை இறக்கினார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. "பதிப்பாளர் கிட்டச் சொல்லி வையும். புதுசா அச்சடிக்கறச்சே எவனாவது அந்தப் பலூன்ல எதையாவது எழுதித் தொலைக்கப் போறான். அது அப்படியே இருக்கட்டும்."

"சொல்றேன் சார்" என்றான் தம்பி.

அவருக்கு விளங்கிவிட்டதா இல்லையா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. மறு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வந்து நீலத்தைத் திட்டியதாகத் தம்பி எழுதியிருந்தான். 'கடைசித் தோணி'யை மட்டும் திட்டவில்லையாம்.

மாடியிலிருந்து இறங்கி நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். தம்பி பதிப்பாளருக்குப் போன் போட்டு முடிவைச் சொன்னான். அவர் ஏதோ கேட்டார். தம்பி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தான். பிறகு, "ஹட்டன் செல்வராசுன்னு போடுங்க" என்றான்.

வெளியே வந்து ஆற்றுப் பாலத்துப் பக்கம் நடந்தோம். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தெளிந்த பிறகு கேட்டான்.

"அண்ணே, மெய்யைச் சொல்லணும். எனக்காகத் தூக்குனியா, நீலத்துக்காகத் தூக்குனியா?"

"அந்தக் கதைக்காகத் தூக்குனேன்."

"அப்ப உச்சகாலம் எது?"

யோசித்துப் பார்த்தேன். அவனிடம் பொய் சொல்ல வரவில்லை.

"கறுப்பு வெள்ளைதான். மூக்கு சரியில்லடா உங்க அதியனுக்கு."

தம்பி நடு ரோட்டில் நின்றுவிட்டான். பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரர் மலையாளத்தில் வைதுவிட்டுப் போனார். "படுபாவி" என்றான் தம்பி. சிரிப்பு தாங்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "இதைப் போய் நீலகண்டன் சார்கிட்டச் சொல்லிராதே. மறு ஓட்டு கேப்பாரு."

நான் சொல்லவில்லை. இதோ, எழுதிவிட்டேன்.

ஹட்டன்,
2004 தைப்பொங்கலுக்கு மறுநாள்.